காயம் ஆறியதற்கு அப்புறம் வரும் இருபது வருடங்கள்

இரண்டு பேரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒருவர், பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் தற்செயலாக ஒரு காயத்தைப் பார்த்து, அது விழுந்ததால் வந்ததில்லை என்று புரிந்துகொண்ட நாளிலிருந்து தூக்கம் போய்விட்ட அம்மா அல்லது அப்பா. இன்னொருவர், அந்த வயதில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு, அப்புறம் எப்படியோ அதை நிறுத்தி, படித்து, வேலைக்குப் போய், இன்று முப்பது முப்பத்தைந்து வயதில் எல்லோரையும் போல நடமாடிக்கொண்டிருப்பவர். முதல் ஆள் வாயைத் திறந்தாலே கேட்பது, "இவ வாழ்க்கை என்ன ஆகும்?" இரண்டாவது ஆள் பெரும்பாலும் எதுவும் கேட்பதில்லை. நான் இந்த இரண்டாவது வகை. நாற்பதைத் தாண்டிவிட்டேன், அதனால் முதல் ஆளின் கேள்விக்குக் கொஞ்சம் என் வாழ்க்கையிலிருந்தும், மிச்சத்தை இந்த விஷயத்தைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வுகளிலிருந்தும் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். எதால், எப்படி என்ற விவரங்கள் இங்கே இருக்காது. அதைத் தெரிந்துகொண்டு யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை, சிலருக்குக் கெடுதல்கூட. இதைப் படிக்கும் இந்த நேரத்தில் செத்துப்போய்விடலாம் என்ற எண்ணம் உங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தால், இந்தப் பதிவை இங்கேயே நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், யாரும் இல்லையென்றால் உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பதிவு எங்கும் ஓடிவிடாது.

சரி, பதில். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1992-ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 44 பள்ளிகளிலிருந்து கிட்டத்தட்ட இரண்டாயிரம் மாணவர்கள், எல்லோருக்கும் பதினான்கு பதினைந்து வயது. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எடுக்காமல், வகுப்பில் சாதாரணமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, அதே ஆட்களைத் திரும்பத் திரும்பத் தேடிப்போய் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பதுதான் இதன் பெருமை. பதின்பருவத்தில் சுமார் 8 சதவீதம் பேர் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டதாகச் சொன்னார்கள். பெண்பிள்ளைகள் கொஞ்சம் அதிகம், ஆனால் ஆண்பிள்ளைகளிடம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம், அவர்களிலும் நூற்றுக்கு ஆறு பேர் இருந்தார்கள். இவர்கள் எல்லோரும் இருபதுகளின் கடைசிக்கு வந்தபோது முடிவுகளை 2012-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பதின்பருவத்தில் அப்படிச் செய்தவர்களில் பத்தில் ஒன்பது பேர், இருபதுகளில் அதைச் செய்யவே இல்லை.

பத்தில் ஒன்பது. முதன்முதலில் இதைப் படித்தபோது நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. பயந்துபோய் நிற்கும் எந்தப் பெற்றோருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன், சொல்லவும் வேண்டும். ஏனென்றால் அந்த நேரத்தில் அவர்கள் மண்டைக்குள் ஓடுவது வேறு படம்: படிப்பு போச்சு, எதிர்காலம் போச்சு, பிள்ளையே போய்விடுமோ.

ஆனால் இதே கணக்கை வேறு மாதிரி பயன்படுத்துகிறவர்களும் உண்டு. "எல்லாம் வயசுக் கோளாறு, தானா போயிடும், பெரிசு பண்ணாதீங்க." உறவினர்கள் சொல்வார்கள், சில நேரம் படித்தவர்களும் சொல்வார்கள். நான் சண்டைக்கு நிற்பது இந்த வாக்கியத்தோடுதான். காயப்படுத்திக்கொள்வது தானாக நின்றுபோகலாம். அதைச் செய்ய வைத்தது எது? அதுவும் நின்றதா என்று யார் பார்த்தார்கள்? அதே ஆய்விலேயே இதற்கு ஒரு துப்பு இருக்கிறது: பதின்பருவத்தில் மனச்சோர்வும் மனப்பதற்றமும் இருந்த பிள்ளைகளிடம், வளர்ந்த பிறகும் இந்தப் பழக்கம் இருப்பதற்கான வாய்ப்பு அதிகமாக இருந்தது.

அந்த ஆட்களை அவர்கள் அதோடு விடவில்லை. 35 வயதில் மறுபடி போய்ப் பார்த்தார்கள். அந்த முடிவுகள் 2017-ல் வந்தன, என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது கட்டுரையைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும். பதின்பருவத்தில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர்களிடம், இருபது வருடம் கழித்தும், மற்றவர்களைவிட மனச்சோர்வும் பதற்றமும் அதிகம். புகை, கஞ்சா, மற்ற போதைப் பொருட்கள் அதிகம். மணமுறிவு அதிகம், பல பக்கமும் பணக்கஷ்டம் அதிகம். பட்டியலைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஆய்வாளர்கள் அடுத்து ஒன்று செய்தார்கள். அந்தப் பதினைந்து பதினாறு வயதில் இவர்களுக்கு ஏற்கெனவே இருந்த மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம் இவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்கள். பெரும்பாலான தொடர்புகள் வலுவிழந்துவிட்டன. 35 வயதிலும் வாராவாரம் கஞ்சா புகைப்பது போன்ற ஒன்றிரண்டு மட்டும்தான் அப்படியே நின்றன.

இதற்கு என்ன அர்த்தம்? பெரும்பாலும் வாழ்க்கையைக் கெடுத்தது அந்தக் காயம் இல்லை. காயத்துக்கு அடியில் அப்போதே இருந்த நோய், அப்போதே தொடங்கியிருந்த பழக்கம், யாரும் கவனிக்காமல் விட்டதால் கூடவே வளர்ந்தது. பிள்ளையின் தலையெழுத்து ஏதோ ஒரு மதியம் குளியலறையில் எழுதப்பட்டுவிட்டது என்று நினைக்கும் பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல், "நின்னுடுச்சு, அப்பாடா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டவர்களுக்கு எவ்வளவு பெரிய எச்சரிக்கை என்று யோசித்துப் பாருங்கள். மனச்சோர்வுக்கு வைத்தியம் உண்டு. பதற்றத்துக்கு வைத்தியம் உண்டு. போதையிலிருந்து வெளியே வரவும் வழி உண்டு. வைத்தியம் இருக்கிற விஷயம்தான் இருபது வருடம் வைத்தியம் பார்க்காமல் கிடக்கிறது.

என் கதையில் அப்படித்தான் நடந்தது. கல்லூரிக்குப் போன பிறகு அது நின்றது. ஒரே காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது, வயது ஏற ஏற ஒரு உணர்ச்சி வந்ததும் உடனே எதையாவது செய்தே ஆக வேண்டும் என்ற வேகம் குறைந்தது, கூடத் தங்கியிருந்த ஒரு தோழியிடம் ராத்திரி ராத்திரியாகப் பேச முடிந்தது, இதெல்லாம் சேர்ந்து. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அதற்கு அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. அவர்கள் பயத்தில் எடுக்கவில்லை, நான் வெட்கத்தில் எடுக்கவில்லை. ஆனால் மேலதிகாரி கொஞ்சம் குரல் உயர்த்தினால் அன்று முழுக்கக் கை நடுங்கும். நடுராத்திரியில் விழிப்பு வந்தால் விடியும் வரை, என்றோ பேசிய ஒரு வார்த்தையை எடுத்து வைத்துக்கொண்டு என்னை நானே திட்டிக்கொண்டிருப்பேன். யாராவது நெருங்கி வந்தால் நானே ஏதாவது காரணம் கண்டுபிடித்து விலகிவிடுவேன். இதை மனப்பதற்றம் என்று ஒருவர் எனக்குச் சொன்னபோது முப்பதை நெருங்கியிருந்தேன், அதுவும் வயிற்று வலிக்காகப் போன இடத்தில் அந்தப் பொது மருத்துவர் பொறுமையாக நாலு கேள்வி கேட்டதால் தெரிந்தது. அதுவரை, இதெல்லாம் என் சுபாவம் என்றே நினைத்திருந்தேன். காயமாக வெளியே தெரிந்தவரை எல்லோரும் பதறினார்கள், தூக்கமின்மையாக மாறியதும் யார் கண்ணிலும் படவில்லை.

மருத்துவமனை வரைக்கும் போகிற பிள்ளைகளின் நிலைமை இன்னும் கொஞ்சம் கனமானது, அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, மான்செஸ்டர், டெர்பி ஆகிய மூன்று ஊர்களின் மருத்துவமனைகளில், 2000 முதல் 2013 வரை தன்னைக் காயப்படுத்திக்கொண்டு சிகிச்சைக்கு வந்த 10 முதல் 18 வயதுப் பிள்ளைகள் 9,173 பேரை 2015 வரை பின்தொடர்ந்தார்கள். கீத் ஹாட்டன் என்ற மனநல மருத்துவர், இந்தத் துறையிலேயே தன் வாழ்நாளைக் கழித்தவர், அவருடைய குழு. அந்த 9,173 பேரில் 55 பேர் தற்கொலையால் இறந்தார்கள். இதை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். நூற்றுக்கு தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் அப்படி இறக்கவில்லை. அதே சமயம், மருத்துவமனைக்கு வந்த பிறகான முதல் ஒரு வருடத்தில் தற்கொலை ஆபத்து, அந்த வயதுப் பிள்ளைகளின் பொது விகிதத்தைவிட சுமார் 30 மடங்கு. அதனால் அந்த முதல் வருடம் யாரும் அசட்டையாக இருக்கக்கூடாத வருடம்.

என்னை அதிகம் உலுக்கியது அந்தக் கட்டுரையில் இருந்த இன்னொரு விஷயம். இறந்தவர்களில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேர் 18 வயதைத் தாண்டிய பிறகுதான் இறந்திருக்கிறார்கள். பள்ளி முடிந்து, குழந்தைகள் நலப் பிரிவின் கோப்பு மூடப்பட்டு, பெரியவர்கள் பிரிவில் இன்னும் யாரும் பெயரைக்கூடக் கேட்காத காலம் அது. பல நாடுகளில் மனநல சேவை பதினெட்டாவது பிறந்தநாளோடு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பன்னிரண்டு வயதிலிருந்து பழகிய கவுன்சலரை விட்டுவிட்டுப் புது ஆளிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அதற்கும் பல மாதக் காத்திருப்பு. சோர்ந்துபோன ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை அந்த வரிசையில் நிற்குமா? பெரும்பாலும் நிற்காது. சட்டம் பதினெட்டு வயதில் ஆளைப் பெரியவராக்கிவிடலாம், மூளையில் அவசரத்தை அடக்கும் பகுதி இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

"சாகணும்னு நினைச்சா செஞ்சே?" என்ற கேள்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளை "இல்லை" என்றதும் பெரியவர்கள் முகத்தில் தெரியும் நிம்மதி எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த "இல்லை" பல நேரம் உண்மைதான். பெரும்பாலான பிள்ளைகள் சாவதற்காக இதைச் செய்வதில்லை, தாங்க முடியாத ஒன்றைக் கொஞ்ச நேரம் அடக்கத்தான் செய்கிறார்கள், அந்த அடக்கமும் சீக்கிரம் வெட்கமாக மாறிவிடும், பிரச்சினை அப்படியே இருக்கும். பிரிஸ்டல் பகுதியில் 1991-92-ல் பிறந்த பிள்ளைகளைப் பிறப்பிலிருந்தே தொடரும் ஓர் ஆய்வில், 16 வயதில் கேட்டபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் எப்போதாவது இதைச் செய்ததாகச் சொன்னார்கள். சாகும் எண்ணத்தோடு செய்தவர்களுக்கு அடுத்த சில வருடங்களில் பிரச்சினைகள் அதிகமாக இருந்தன என்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த எண்ணமே இல்லாமல் செய்தவர்களுக்கும், செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், மனச்சோர்வும் பதற்றமும் போதைப் பழக்கமும் கூடுதலாகத்தான் இருந்தன. அந்த "இல்லை"யோடு பேச்சை முடித்துக்கொள்ள முடியாது என்பதற்கு இது போதும்.

அதே பிள்ளைகளை 21 வயதில் பார்த்து 2019-ல் வெளியிட்டதில் இன்னொரு பயனுள்ள விஷயம் கிடைத்தது. சாகும் எண்ணம் இல்லாமல் தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர்களில் சுமார் 12 சதவீதம் பேர், 21 வயதுக்குள் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். முன்பு காயமும் இல்லை, அந்த எண்ணமும் இல்லை என்றிருந்தவர்களிடம் இது 1 சதவீதம்தான். அப்படியானால் 88 சதவீதம் பேர் அந்தப் பக்கம் போகவில்லை. போனவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியவை என்னென்ன என்று பார்த்தால், கஞ்சாவும் மற்ற போதைப் பொருட்களும், அப்புறம் தூக்கம் போதாமை. பெற்றோருக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: கையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தூக்கத்தைப் பாருங்கள். ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது, காலையில் எந்த முகத்தோடு எழுகிறாள், விடுமுறையில் பகல் முழுக்கப் படுத்தே கிடக்கிறானா. சண்டை போடாமல், சோதனை போடாமல், ஒரே வீட்டில் இருக்கிற யாராலும் பார்க்க முடிகிற விஷயம் அது.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் பிறந்தவர்களைப் பல வருடங்களாகத் தொடரும் ஆய்வையும் சுருக்கமாகத் தொட்டுவிட்டுப் போகிறேன், அதில் நான் சொல்லும் பகுதி தற்கொலைக்கு முயன்றவர்களைப் பற்றியது, நாம் பேசுவதற்குப் பக்கத்து வீடு. 24 வயதுக்குள் முயன்றவர்களை 38 வயதில் பார்த்தபோது மனநலம் மட்டுமில்லை, உடல்நலமும் மோசமாக இருந்தது, தனிமையும் அதிகமாக இருந்தது. இளவயதில் வரும் இந்த நெருக்கடியை, நீண்டகால உதவி தேவை என்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள். நான் சொல்ல வருவதும் அதுதான்.

எந்த ஆய்வின் அட்டவணையிலும் வராத சில விளைவுகளும் உண்டு. ரத்தப் பரிசோதனைக்குப் போனால் சட்டைக் கையை மடித்துவிட வேண்டும். அந்தச் செவிலியின் கண் ஒரு கணம் நின்று, அப்புறம் வேகமாக ஊசிக்குப் போகும். சிலர் "அந்தக் கையில எடுக்கலாமா?" என்று மெல்லக் கேட்பார்கள். ஒரு முறை வயதான ஒரு செவிலி எதுவும் சொல்லாமல், பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, "இப்போ நல்லா இருக்கீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்றேன். சரி என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவரைப் போல இரண்டு பேர் என் பதினாறு வயதில் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். குழந்தைகள் வேறு மாதிரி. மடியில் உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு "இது என்ன அத்தை?" என்பார்கள். "முன்னாடி பட்ட காயம்டா, ஆறிடுச்சு" என்பேன். பொய்யில்லை, அந்த வயதுக்கு அது போதும். பெரிதான பிறகு கேட்டால் இன்னும் கொஞ்சம் சொல்வேன்.

அம்மா இன்றும் நான் வீட்டுக்குப் போனால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைத்தான் பார்ப்பார். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவருக்கே தெரியாமல் கண் அங்கே போய்விட்டுத் திரும்பும். பிள்ளை வெளியே வந்துவிடுவாள், பெற்றவர்கள் அந்த நாளிலேயே நின்றுவிடுவார்கள், அவர்களிடம் "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று யாரும் கேட்பதே இல்லை. பிள்ளைக்குச் சிகிச்சை ஏற்பாடு செய்யும்போது பெற்றோரும் தங்களுக்காக ஒரு ஆளிடம் பேச வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். கூடப்பிறந்தவர்களையும் மறக்கக்கூடாது. அந்த வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தன் கஷ்டத்தைச் சொன்னால் அம்மா உடைந்துபோவாளோ என்று வாயை மூடிக்கொண்டு வளர்ந்திருக்கும்.

எது உதவும் என்று கேட்டால், மார்ஷா லினஹான் என்ற அமெரிக்க உளவியலாளரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டி.பி.டி., என்ற சிகிச்சையை உருவாக்கியவர். உணர்ச்சி வெள்ளமாக வரும்போது அதற்குள் மூழ்காமல் நிற்கப் பழக்கும் சிகிச்சை அது, பேச்சு மட்டுமில்லை, பாடம் மாதிரி உட்கார்ந்து கற்றுக்கொண்டு வீட்டில் பயிற்சி செய்ய வேண்டும், பதின்வயதுப் பிள்ளைகளுக்கான வடிவத்தில் பெற்றோரும் கூட வந்து கற்பார்கள். உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய பிறகு, 2011-ல், அறுபது வயதைத் தாண்டிய நிலையில், லினஹான் வெளிப்படையாகச் சொன்னார்: 17 வயதில் தானே தன்னைக் கடுமையாகக் காயப்படுத்திக்கொண்டு ஹார்ட்ஃபோர்டில் ஒரு மனநல மருத்துவமனையில் இரண்டு வருடங்களுக்கும் மேல் அடைபட்டுக் கிடந்ததாக. அதைச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்த இடமும் அதே மருத்துவமனைதான். அந்தப் பதினேழு வயதுப் பெண்ணைப் பார்த்து இவள் என்ன ஆவாள் என்று 1961-ல் யாராவது கேட்டிருந்தால், அங்கிருந்த எந்த மருத்துவரும் இந்தப் பதிலைச் சொல்லியிருக்க மாட்டார்.

அவர் வழி வந்த அந்தச் சிகிச்சையை நார்வேயில் 77 பதின்வயதினரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு இது, மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையையே கொஞ்சம் மேம்படுத்திக் கொடுத்தார்கள். டி.பி.டி. பெற்றவர்கள் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது அதிகமாகக் குறைந்தது, மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் இருந்தது. அதில் பெரும்பங்கு, சிகிச்சைக் காலத்தில் அவர்களுடைய நம்பிக்கையின்மை குறைந்ததால் வந்தது என்று கணக்கிட்டார்கள். மற்ற விஷயங்களில், மனச்சோர்வு போன்றவற்றில், நாளடைவில் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துவிட்டன. நல்ல கவனிப்பு எந்தப் பெயரில் கிடைத்தாலும் பயன் உண்டு என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். டி.பி.டி. தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

இன்னொன்று, இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-ல் தெளிவாகவே எழுதிவிட்டது: இந்தப் பிள்ளை மறுபடி செய்யுமா, தற்கொலை செய்துகொள்ளுமா என்று முன்கூட்டிச் சொல்வதற்கு மதிப்பெண் படிவங்களைப் பயன்படுத்தாதீர்கள். கேள்வித்தாளில் குறைந்த மதிப்பெண் வாங்கியதால் "ஆபத்தில்லை" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ. அதற்குப் பதில் உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள், இவளுடைய தேவை என்ன, வீட்டில் என்ன நடக்கிறது, பள்ளியில் யார் இருக்கிறார்கள், எது தூண்டுகிறது, எது தாங்கிப் பிடிக்கிறது. உங்கள் பிள்ளையை அழைத்துக்கொண்டு போன இடத்தில் பத்து நிமிடத்தில் படிவம் நிரப்பி அனுப்பிவிட்டால், இன்னும் முழுதாக விசாரிக்கச் சொல்லிக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியதில் முதலாவது, சத்தியம் வாங்காமல் இருப்பது. "இனிமே செய்ய மாட்டேன்னு என் மேல சத்தியம் பண்ணு" என்றால் பிள்ளை பண்ணிவிடும். அடுத்த முறை தாங்க முடியாமல் போகும்போது, செய்ததோடு சேர்த்து சத்தியத்தை மீறிய குற்றமும் தலையில் ஏறும், உங்களிடம் வந்து சொல்லும் வாசல் அடைந்துவிடும். அதைவிட, "தாங்க முடியலைன்னா எந்த நேரமா இருந்தாலும் என்னை எழுப்பு, நான் திட்ட மாட்டேன்" என்பது எவ்வளவோ மேல், சொன்னபடி திட்டாமலும் இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், தாத்தா பாட்டியுடையதையும் சேர்த்து. இதைச் செய்யும்போது அவமானப்படுத்துகிற மாதிரி செய்யாமல், கொஞ்ச நாளைக்கு இப்படி இருக்கட்டும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் செய்யலாம். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கவும் பயப்படாதீர்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

நின்றுவிட்ட பிறகு என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. வீட்டை விட்டு வெளியூர் போகும் நேரம், தேர்வு முடிவுகள், ஒரு காதல் முறிவது, முதல் வேலை போவது, வீட்டில் ஒரு சாவு, பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள். இப்படிப்பட்ட காலங்களில் பழைய எண்ணம் எட்டிப் பார்க்கலாம். அது வந்ததாலேயே எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. அப்போது கைகொடுக்க, ஸ்டான்லி, பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, ஒரே ஒரு தாள்தான். எனக்கு மனம் கெடுவதற்கு முன்னால் தெரியும் அறிகுறிகள் என்ன, நானே செய்யக்கூடியது என்ன, யாரோடு போய் உட்காரலாம், யாரிடம் உதவி கேட்பேன், எந்த மருத்துவர், வீட்டில் எதை அப்புறப்படுத்த வேண்டும் என்று நன்றாக இருக்கும் நாளிலேயே எழுதி வைப்பது. என்னுடையது அலைபேசியில் இருக்கிறது. என் அறிகுறிகளில் முதல் வரி, வரும் அழைப்புகளை எடுக்காமல் விடத் தொடங்குவது. ஒரு வாரம் நான் போனை எடுக்கவில்லை என்றால் என் தோழி நேராக வீட்டுக்கு வந்துவிடுவாள், அவளிடமும் அந்தத் தாள் இருக்கிறது.

கடைசியாக இரண்டாவது ஆளுக்கு. முப்பத்தைந்து வயதில், பதினாறு வயதில் நடந்ததைப் பற்றி இப்போது போய் ஒரு மருத்துவரிடம் என்ன சொல்வது என்று நீங்கள் தயங்குவது எனக்குத் தெரியும், நானும் தயங்கியிருக்கிறேன். இப்படித் தொடங்கலாம்: "சின்ன வயசுல என்னை நானே காயப்படுத்திக்கிட்டது உண்டு. அது நின்னு ரொம்ப வருஷம் ஆச்சு. ஆனா தூக்கம் சரியில்ல, பதற்றமா இருக்கு, அதுக்காக வந்திருக்கேன்." இவ்வளவுதான். தழும்பைக் காட்ட வேண்டியதில்லை. ஏன் செய்தீர்கள் என்பதை அன்றே விளக்க வேண்டியதும் இல்லை. தூக்கம், பசி, குடிப்பழக்கம், வேலை, வீட்டில் யார் இருக்கிறார்கள், செத்துப்போகும் எண்ணம் இப்போது வருகிறதா என்று அவர் கேட்பார், கேட்க வேண்டும். முகம் சுளித்தாலோ, "அப்போ எதுக்கு அப்படிப் பண்ணினீங்க?" என்று விசாரணை தொடங்கினாலோ, எழுந்து வந்துவிட்டு வேறு ஒருவரைப் பாருங்கள். நான் அப்படி ஒரு அறையிலிருந்து எழுந்து வந்திருக்கிறேன். அடுத்து பார்த்தவரிடம்தான் இன்றும் போய்க்கொண்டிருக்கிறேன்.